144ஏ, பிரவுன்லோ ஹில்

என் மாமியாரின் அம்மா பிறந்தது 1910 நவம்பரில், லிவர்பூலில். பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடத்துக்கு நேராக '144ஏ, பிரவுன்லோ ஹில்' என்று எழுதியிருக்கிறது. அப்பா பெயர் வரவேண்டிய கட்டத்தில் ஒரு கோடு. அம்மாவின் தொழில், வீட்டு வேலை. இந்தச் சான்றிதழ் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில், இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு பல வருஷமாகக் கிடந்தது. 144-ஆம் எண் வீட்டில் ஒரு பகுதியைத் தடுத்து வாடகைக்கு விட்டிருப்பார்கள், அதுதான் இந்த 'ஏ' என்பது அவர்கள் குடும்பத்துப் பேச்சு.

அப்படி ஒரு வீடு அந்தத் தெருவில் இருந்ததில்லை. இருந்தது லிவர்பூல் வொர்க்ஹவுஸ். வேலை போனவர்கள், வயதானவர்கள், நோயாளிகள், கல்யாணமாகாமல் வயிற்றில் பிள்ளையோடு நின்ற பெண்கள், அநாதைக் குழந்தைகள் என எல்லோரையும் ஒரே மதிலுக்குள் சேர்த்து, கஞ்சி ஊற்றி, உடம்பில் தெம்பு உள்ளவர்களிடம் வேலையும் வாங்கிய இடம். லிவர்பூலில் இருந்தது இங்கிலாந்தின் மிகப் பெரிய வொர்க்ஹவுஸ்களில் ஒன்று. மூவாயிரம் பேருக்கு மேல் உள்ளே இருந்த காலமெல்லாம் உண்டு. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் ஆயுசு முழுக்கச் சான்றிதழில் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது என்று 1904-லிருந்து வெறும் தெரு முகவரி மட்டும் போடத் தொடங்கினார்கள். லிவர்பூல் எடுத்துக்கொண்ட முகவரி 144ஏ. நல்ல எண்ணம்தான். நூறு வருஷம் கழித்துத் தேட வருகிறவர்கள்தான் முழிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது பிரிட்டிஷ் குடும்பத்தில் சம்பந்தம் செய்திருந்தால், 1904-க்குப் பிந்தைய சான்றிதழில் இப்படித் தெரு எண் மட்டும் தனியாக நின்றால், அந்த எண்ணில் என்ன கட்டடம் இருந்தது என்று முதலில் பாருங்கள்.

விஷயத்தைச் சொன்னதும் மாமியார், "அம்மாவுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும். அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்று கடைசி வரை அடம்பிடித்தாள்" என்றார்.

இது அந்த ஒரு அம்மாவின் பிடிவாதம் மட்டும் கிடையாது. வொர்க்ஹவுஸ் என்ற அமைப்பு 1930 ஏப்ரலில் சட்டப்படி முடிவுக்கு வந்தது. கட்டடங்கள் எங்கே போகும்? பல ஊர்களில் அவற்றின் மருத்துவப் பிரிவுகளை 1948-ல் தேசிய சுகாதாரச் சேவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆக்கியது. போர்டு மாறியது, செங்கல் மாறவில்லை. அந்த ஆஸ்பத்திரிகளின் முதியோர் வார்டுகளில் உள்ளூர் டாக்டர்கள் வேலை பார்க்க விரும்பாததால், அறுபது எழுபதுகளில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன டாக்டர்களில் நிறையப் பேருக்கு அங்கேதான் இடம் கிடைத்தது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழ் டாக்டர் ஒருவர் சொல்வார்: "தம்பி, சில பாட்டிங்க கட்டில்ல படுக்கவே மாட்டாங்க. இந்தக் கட்டடத்தை எனக்குத் தெரியும், என்னை வீட்டுக்கு அனுப்புன்னு அழுவாங்க. மூளை குழம்பிப்போச்சுன்னு நான் கேஸ் ஷீட்ல எழுதிட்டிருந்தேன். ஒரு நர்ஸ் சொன்ன பிறகுதான் எனக்கே சமாச்சாரம் புரிஞ்சுது."

நான் சேலத்துக்காரன். இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்து, இங்கேயே கல்யாணமும் ஆனது. மனைவி வீட்டு ஆட்களைத் தேடிக் கிளம்பியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது, மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகள்தான். ஆனால் இறங்கிய பிறகு விட முடியவில்லை. இந்த நாட்டில் ஓரளவு தன் காலில் நின்ற ஏழைக்குப் பிறப்பு, கல்யாணம், சாவு, பத்து வருஷத்துக்கு ஒரு முறை சென்சஸ், இவ்வளவுதான் காகிதம். வொர்க்ஹவுஸுக்குள் கால் வைத்துவிட்டாலோ அவரைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள்.

காரணம் காசு. 1834-ல் வந்த ஏழைகள் சட்டத் திருத்தத்துக்கு முன்பு அந்தந்தப் பங்கு, அதாவது சர்ச் எல்லைக்குட்பட்ட ஊர், தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொண்டது. அந்தச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த பதினைந்தாயிரம் பங்குகளைச் சுமார் அறுநூறு ஒன்றியங்களாகக் கட்டியது. ஒன்றியத்துக்கு ஒரு வொர்க்ஹவுஸ், அதை நடத்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குழு. செலவு உள்ளூர் வரி கட்டுகிறவர்களின் பையிலிருந்து. வெளியே கூலி வேலை செய்யும் ஆகக் கீழான ஆளின் வாழ்க்கையைவிட உள்ளே இருக்கும் வாழ்க்கை மோசமாக இருக்க வேண்டும், அப்போதுதான் சோம்பேறிகள் வரமாட்டார்கள் என்பது கொள்கை. அதனால் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம். வாசலிலேயே சொந்தத் துணியை வாங்கிக்கொண்டு சீருடை. ஆண்களுக்குக் கல் உடைப்பது, பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நாராக்குவது. எரு தயாரிக்க மாட்டெலும்பு நொறுக்கும் வேலையும் இருந்தது. ஆண்டோவர் என்ற ஊரில் பசி தாங்காமல் அந்த எலும்பில் ஒட்டியிருந்ததை உள்ளே இருந்தவர்கள் கடித்துத் தின்றது 1845-ல் வெளியே வந்து பாராளுமன்றம் வரை நாறியது. இரண்டு வருஷத்தில் மேலே இருந்த ஆணையத்தையே கலைத்து வேறு வாரியம் போட்டார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் கணக்கு மட்டும் சுத்தமாக இருந்தது. சேர்க்கை, வெளியேற்றப் பதிவேட்டின் படிவத்தைப் பார்த்தால் தெரியும். தேதி, கிழமை, பெயர், தொழில், பிறந்த வருஷம், மதம், எந்தப் பங்கிலிருந்து வந்தார், யார் உத்தரவில் சேர்த்தார்கள், உணவில் எந்த வகுப்பு. அதோடு ஒரு கட்டம், 'சேர்ந்த பின் முதல் வேளை'. காலையா, மதியமா, இரவா என்று அதில் எழுத வேண்டும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது, பசியோடு வந்தவருக்கு உடனே சாப்பாடு போட வேண்டும் என்ற அக்கறை என்று தோன்றும். இல்லை. அன்றைய ரொட்டிக் கணக்கில் எத்தனை தலை ஏறும் என்று ஸ்டோர் கணக்கைச் சரிபார்க்கத்தான். ஒரு பவுண்டு ரொட்டி கணக்கில் உதைக்கக் கூடாது என்பதற்காக எழுதியது, இன்றைக்கு ஒரு பெண் எந்த நேரத்தில் அந்த வாசலில் வந்து நின்றாள் என்று நமக்குச் சொல்கிறது.

இதில் இன்னொன்று மதப் பதிவேடு. கத்தோலிக்கக் குழந்தைகளை உள்ளே புராட்டஸ்டன்ட்களாக வளர்த்துவிடுகிறார்கள் என்ற சண்டைக்குப் பிறகு, 1868 சட்டத்தால் கட்டாயமானது. வந்தவரின் மதம், அவர் கடைசியாக எங்கிருந்து வந்தார், விவரம் சொன்னது யார் என்பதெல்லாம் இதில் வரும். சேர்க்கைப் பதிவேடு தொலைந்துபோன ஊர்களில் இதுதான் கை கொடுக்கும். கடவுளைப் பற்றிய சண்டையில் முகவரி கிடைப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பிறகு, 1861-ல் பாராளுமன்றத்துக்காக அச்சடித்த ஒரு பட்டியல் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து வொர்க்ஹவுஸில் இருந்த பெரியவர்கள், பதினாலாயிரம் பேருக்கு மேல், பெயரோடு. எத்தனை வருஷமாக இருக்கிறார், ஏன் வெளியே போய்ப் பிழைக்க முடியவில்லை என்பதற்கு ஓரிரு சொல்லில் காரணம். முதுமை, குருடு, புத்தி சுவாதீனமில்லை என்று வரிசையாக. நான் அதை ஒரே மூச்சில் படிக்கவில்லை, முடியாது.

என் மனைவியின் அப்பா வழி நார்ஃபோக் மாவட்டத்து விவசாயக் கூலிகள். அவர்கள் பகுதிக்கான வொர்க்ஹவுஸ் கிரெஸன்ஹால் என்ற ஊரில் இருந்தது. 1777-ல் கட்டிய கட்டடம், இன்று அருங்காட்சியகம். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவர்களை அடையாளம் காட்ட அங்கே தனி ஜாக்கெட் போடச் செய்தார்கள். இந்த மாதிரி அவமான உடுப்பு கூடாது என்று 1839-லேயே மேலிடம் சொன்ன பிறகும் அங்கே அது தொடர்ந்தது. ஆவணங்கள் நாரிச் நகரத்துக் காப்பகத்தில். எங்கள் ஆள் ஒருவர், மனைவி மக்களோடு, வருஷா வருஷம் டிசம்பர் ஜனவரியில் உள்ளே வருகிறார், மார்ச்சில் போகிறார். பனிக்காலத்தில் வயலில் வேலை இல்லை, அவ்வளவுதான் விஷயம். உள்ளே போனவர்களை யாரும் பூட்டி வைக்கவில்லை. சில மணி நேரத்துக்கு முன் சொல்லிவிட்டு எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம், ஆனால் குடும்பத் தலைவர் போனால் குடும்பமே கிளம்ப வேண்டும். சீருடையோடு ஓடிப்போனால் மட்டும் திருட்டு வழக்கு.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வர ஆரம்பித்தது. இவரைப் பற்றி நம்மிடம் இருப்பதெல்லாம் பனிக்காலம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை அவர் உழுதது, அறுத்தது, குடித்தது, சர்ச்சில் பாடியது எதையும் யாரும் எழுதவில்லை. ஆள் வாழ்க்கை முழுக்க வொர்க்ஹவுஸிலேயே கிடந்தவர் மாதிரி ஒரு தோற்றம் காகிதத்திலிருந்து எழும்புகிறது. வம்சாவளி தேடுகிறவர்கள் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். 'என் கொள்ளுத்தாத்தா வொர்க்ஹவுஸ்காரர்' என்று எழுதி, ஒரு அழுகை முகத்தையும் போட்டு, அடுத்த கிளைக்குப் போய்விடுகிறார்கள்.

சார்லி சாப்ளினை எடுத்துக்கொள்ளுங்கள். 1896-ல், ஏழு வயதில், அம்மாவோடும் அண்ணனோடும் தெற்கு லண்டன் வொர்க்ஹவுஸில் சேர்ந்தவர். அங்கிருந்து ஹான்வெல் என்ற இடத்திலிருந்த ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1898-ல் மறுபடி லாம்பெத் வொர்க்ஹவுஸ். அதன் மிச்சக் கட்டடத்தில் இன்று சினிமா அருங்காட்சியகம் இருக்கிறது, லண்டன் போனால் பார்க்கலாம். அந்த வருஷம் ஆகஸ்டில் ஒரு நாள் அம்மா, பிள்ளைகளோடு வெளியேறுவதாகச் சொல்லிக் கிளம்புகிறார். அன்றைக்கே மூவரும் மறுபடி சேர்கிறார்கள். பதிவேட்டுக்குத் தெரிந்தது இந்த இரண்டு வரிதான். அலுவலர் எரிச்சலோடுதான் எழுதியிருப்பார், ஒரே நாளில் இரண்டு வேலை. நடந்தது என்ன என்று சாப்ளின் வளர்ந்த பிறகு எழுதியதால் நமக்குத் தெரிகிறது. கெனிங்டன் பூங்காவில் உட்கார்ந்து செர்ரிப் பழம் வாங்கித் தின்றிருக்கிறார்கள், செய்தித்தாளைக் கசக்கிப் பந்தாக்கி விளையாடியிருக்கிறார்கள். பிள்ளைகளோடு ஒரு பகல் சேர்ந்து இருப்பதற்காக அந்த அம்மா சட்டத்தில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தினார். உள்ளே இருந்தால் பிள்ளைகளைத் தனியாகத்தானே வைத்திருப்பார்கள். இந்த மாதிரி வெளியேற்றமும் சேர்க்கையும் ஒரே தேதியில் வரும் வரிகள் மற்ற ஏடுகளிலும் கண்ணில் படுகின்றன. அந்தப் பிள்ளைகள் யாரும் சாப்ளின் ஆகவில்லை, எழுதவும் இல்லை.

இதையெல்லாம் ஊரில் பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். "ஏம்ப்பா, கல்யாணம் பண்ணிக் குடுத்த வீட்ல போயி இதையெல்லாம் கிளறுவாங்களா? அந்தம்மா மனசு என்னாகும்?" என்றார். "இல்லீங்க பெரியப்பா, அவங்களேதான் தேடச் சொல்றாங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஆரம்பித்தார். "நம்ம பாட்டன் பூட்டன்ல யாரோ தாது வருஷப் பஞ்சத்துல கஞ்சித் தொட்டியில நின்னு பொழைச்சவங்கதான்னு எங்க ஆத்தா சொல்லும். பேருதான் தெரியாது."

1876-ல் தொடங்கிய அந்தப் பஞ்சம் சேலம் ஜில்லாவைக் கொன்றுபோட்டது. நிவாரண வேலைக்குக் கூலியை ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையுமாக வெட்டச் சொன்னவர், பஞ்சத்தைப் பார்க்க அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். அவர் பேசிய பேச்சும் வொர்க்ஹவுஸ் குழுக்கள் பேசிய பேச்சும் ஒன்றுதான். தாராளமாகக் கொடுத்தால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் இந்தக் கூலியில் உயிர் நிற்காது என்று எதிர்த்து எழுதினார். சரி, அது பெரிய கதை. எனக்கு உறைத்தது வேறு. லிவர்பூலில் கஞ்சி குடித்த ஒரு வேலைக்காரப் பெண்ணின் பெயர், வயது, மதம், வந்த தெரு எல்லாம் என் கையில் இருக்கிறது. சேலத்தில் கஞ்சி குடித்த என் பூட்டனுக்கு எங்கள் வீட்டில் பெயர்கூட இல்லை.

அந்த லிவர்பூல் பெண்ணுக்கு வருகிறேன். மாமியாரின் பாட்டி. லிவர்பூல் வொர்க்ஹவுஸ் ஏடுகள் அந்த ஊர் மத்திய நூலகத்தில் இருக்கின்றன. எந்த ஊர் ஏடு எங்கே இருக்கிறது என்று தெரிய, பீட்டர் ஹிக்கின்பாதம் என்பவர் நடத்தும் வொர்க்ஹவுஸ் தளம் ஒன்றே போதும். (மவுண்ட் ரோடு புத்தகக் கடை ஞாபகம் வந்தவர்கள் கை தூக்கலாம்.) மைக்ரோஃபிலிம் சுருளைச் சுற்றிச் சுற்றிக் கண்டுபிடித்தது இவ்வளவு: 1910 செப்டம்பரில் சேர்க்கை, வயது 22, ரோமன் கத்தோலிக்கர், கர்ப்பிணி. முதல் வேளை, இரவு. 1911 ஏப்ரல் 2-ஆம் தேதி சென்சஸில் அவரும், நான்கு மாதக் குழந்தையும், உள்ளே. மே மாதம் வெளியேற்றம், 'சொந்த விருப்பம்'.

பெரும்பாலோர் இத்தோடு ஏட்டை மூடிவிடுவார்கள். மாமியாரும் மூடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர், "எட்டு மாதம்தானே உள்ளே இருந்தாள், மீதி ஐம்பது வருஷம் எங்கே இருந்தாள்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் நான் உள்ளே நடந்ததைத்தான் விலாவாரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஏக்னஸ் ஜோன்ஸ் என்ற நர்ஸ், நைட்டிங்கேலின் பள்ளியில் பயிற்சி பெற்றவர், 1865-ல் இந்த வொர்க்ஹவுஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து அதைத் தலைகீழாக மாற்றி, மூன்றே வருஷத்தில் டைஃபஸ் காய்ச்சலில் செத்தது வரை ஒப்பிப்பேன். பாட்டி வெளியே போன பிறகு எந்தத் தெருவில் திரும்பினாள் என்று தேடியிருக்கவில்லை.

1921 சென்சஸ் 2022 ஜனவரியில் பொதுவுக்கு வந்தது. அதில் இருந்தாள். ஒரு விதவையின் வீட்டில் குடியிருக்கிறாள். லவ் லேன் சர்க்கரை ஆலையில் வேலை. அந்தச் சென்சஸில் வயதை மாதத்தோடு கேட்டார்கள், அதனால் மகள் 10 வயது 7 மாதம். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கும் ஒரு கட்டமும் அதில் உண்டு. 'தந்தை இறந்துவிட்டார்' என்று எழுதியிருக்கிறது. அம்மாவின் பெயருக்கு நேரே 'விதவை'. கல்யாணம் நடந்ததற்கான பதிவு எங்கும் கிடையாது, குடும்பப் பெயரும் பிறந்த வீட்டுப் பெயரேதான்.

மாமியார் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "தாத்தா கப்பலில் போய் மூழ்கிவிட்டார் என்று எங்களிடம் சொல்லி வைத்திருந்தாள். அவருக்காக ஒவ்வொரு நவம்பரும் பூசை வேறு சொல்லச் சொல்வாள். அப்படியானால் இத்தனை வருஷம் யாருடைய ஆன்மாவுக்குச் செபம் செய்தோம்?" அந்தப் பூசைகளில் சில நடந்தது லிவர்பூல் பெருநகரக் கதீட்ரலில். 1931-ல் வொர்க்ஹவுஸை இடித்துவிட்டு, கத்தோலிக்கத் திருச்சபை வாங்கிய அதே நிலத்தில் கட்டி 1967-ல் திறந்த கோயில். தன் அம்மா பிறந்த இடத்தில் முழந்தாளிட்டுக்கொண்டுதான் இல்லாத தாத்தாவுக்காக வேண்டியிருக்கிறார். இதற்கும் அவர் சிரித்தார்.

பிறகு ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடினோம். அந்தப் பகுதியின் கத்தோலிக்கப் பதிவேடுகள் லத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம், நாலைந்து சொல் தெரிந்தால் போதும். குழந்தைக்கு 1910 நவம்பரிலேயே ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது. அப்பா பெயர் இல்லை. ஞானத்தாய் பெயர் இருந்தது. 1921-ல் வீடு கொடுத்த அந்த விதவையின் பெயர்.

சும்மா அறை வாடகைக்கு விட்டவர் என்று நான் ஒரு வரியில் தாண்டிப் போயிருந்த பெண். வொர்க்ஹவுஸில் பிறந்த பிள்ளைக்கு ஞானத்தாயாக வந்து நின்றிருக்கிறார், பத்தரை வருஷம் கழித்தும் அந்தப் பிள்ளையும் அம்மாவும் அவர் கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். உறவா, கூட வேலை செய்தவரா, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரா? சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பெயரையும் தேடினால் என்ன என்று மனைவி கேட்கிறாள். 1931 சென்சஸ் 1942-ல் தீப்பிடித்து எரிந்துபோனதால் அதற்குப் பிறகு, போர் தொடங்கியதும் நாடு முழுக்க ஆட்களைக் கணக்கெடுத்த 1939 செப்டம்பர் 29 பதிவேடுதான். அதில் பாட்டி தனி வீட்டில் இருக்கிறாள், வயதில் இரண்டைக் குறைத்துச் சொல்லியிருக்கிறாள், அந்த விதவை கூட இல்லை.

கப்பல்கார தாத்தா யார் என்று மரபணுச் சோதனை செய்து பார்க்கலாமா என்று மாமியாரிடம் கேட்டேன். "அவன் யாராக இருந்தால் எனக்கென்ன. அந்த வீட்டுக்காரம்மா எங்கே புதைந்திருக்கிறாள் என்று பார், பூசைக் காசை இனி அவள் பேருக்கு மாற்றிக்கொடுக்கிறேன்" என்றார். லிவர்பூலில் கத்தோலிக்கர்களைப் புதைத்த கல்லறைகளின் பதிவேடுகளைத்தான் இப்போது புரட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெயரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.